பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நான் சொன்ன சாட்சி

எனக்கு மைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கல்யாணம், பிறந்தநாள் ஜெபம், புது வீட்டு ஜெபம் என்று எங்கே போனாலும், உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரர் மைக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அதற்கு நேர் எதிர் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து, வழியை அடைத்த மாதிரி பக்கத்தில் அவரும் உட்கார்ந்துகொள்வார். ஆண்டவர் என் பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டார் என்று முழு மனதோடு நம்புகிறேன். இந்த ஒன்றை மட்டும் என் குடும்பம் இன்னும் மன்னிக்கவில்லை.

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். அப்போது எல்லார் கையிலும் வீடியோ எடுக்கிற போன் வந்திருக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

நாங்கள் பம்மலில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு அங்கேயே ஒரு தோல் கம்பெனியில் மெஷின் வேலை. நான் படித்தது எட்டாவது. ஒரே பையன், எபினேசர். எபி என்று கூப்பிடுவோம். குரோம்பேட்டையில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு படித்தான். ('படித்தான்' என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.)

அவன் ஸ்கூல் டைரியில் மிஸ் எழுதி அனுப்புவது எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் சிவப்பு மை தெரியும். மூன்று வருஷமாக அந்த டைரியில் நான் வேறு நிறத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கீழே என் கையெழுத்து. திருப்பிப் பார்த்தால் ஏதோ நானே குற்றம் செய்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருக்கும்.

அந்த ஜூன் மாதம் எங்கள் இரண்டு பேரையும் பிரின்ஸிபால் சார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜையில் ஒரு காலண்டர், ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரம்பு. அடிக்கக் கூடாது என்று பேச்சு வந்த பிறகும் அந்தப் பிரம்பு இடத்தைக் காலி செய்யவில்லை. சார் ஒரு கடிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார். இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் டி.சி. கொடுத்துவிடலாம், எங்களுக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். நானும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நம்ம கல்யாண ரிஜிஸ்டர்ல கூட எனக்கு இப்படிக் கை நடுங்கல."

அந்த வருஷம் எபியின் வகுப்புக்குப் புதிதாக வந்தவர் கல்பனா மிஸ். ஒல்லியாக, சின்னப் பெண்ணாக இருந்தார். காற்றடித்தால் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் போய் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அவர் வந்த முதல் நாளே, நான் அடிக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம். மேஜையில் பிரம்புக்குப் பதிலாக ஒரு காலி ஊறுகாய் பாட்டில் வைத்தாராம். யாராவது ஏதாவது நல்லது செய்தால் அதில் ஒரு கோலிகுண்டு போடுவார். பாட்டில் நிரம்பினால் மொத்த வகுப்புக்கும் ஒரு பீரியட் விளையாட்டு. நல்லது செய்த பிள்ளையின் வீட்டுக்கு நீலத் தாளில் ஒரு சீட்டு போகும். அதுவும் தமிழில்.

ஜூலையில் ஒரு நாள் எபி அந்த நீலச் சீட்டை என்னிடம் நீட்டினான். 'இன்று எபினேசர், வகுப்பில் காணாமல் போன ஒரு டிபன் பாக்ஸைத் தேடிக் கண்டுபிடித்து உரிய மாணவனிடம் கொடுத்தான்' என்று எழுதியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

"என்ன பாக்கறீங்க?"

"பின்பக்கம் ஏதாவது சிவப்புல இருக்கான்னு பாக்கறேன்."

சீட்டை என் வேதப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினேன். ஆனால் அன்றிலிருந்து எபி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அம்மா, அந்த டிபன் பாக்ஸை ஒளிச்சு வெச்சதே நான்தான்."

என் கை தானாகக் கரண்டிக்குப் போனது.

"அடிச்சுக்கோம்மா," என்றான். "மிஸ் முதுகைத் தட்டிக் குடுத்தாங்கம்மா. அதுதான் இன்னும் வலிக்குது."

கரண்டியை வைத்துவிட்டேன். மறுநாள் நானே அவனை மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். அவன் உண்மையைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை.  மேஜை டிராயரைத் திறந்து, "வந்து சொன்னியே, அதுக்கு ஒண்ணு," என்று பாட்டிலில் ஒரு கோலியைப் போட்டார். டிங் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், என் பையன் திரும்பியது அந்தச் சத்தத்தில்தான்.

அதற்குப் பிறகு வந்த நீலச் சீட்டுகள் எல்லாம் நிஜம். செப்டம்பருக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. நான் ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் வேதப் புத்தகம் தானாக அந்த இடத்தில்தான் திறக்கும்.

இங்கே முடிந்திருந்தால் இது அனுபவக் கட்டுரையாகவே ஆகியிருக்காது. எபிக்கு ஒரு தடவை உண்மை சொல்லி ருசி கண்டுவிட்டது. போன வருஷத்துப் பழசையெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் கக்க ஆரம்பித்தான். தினமும் சாயங்காலம் காபி ஆற்றும்போது ஒன்று. தண்ணீர்த் தொட்டிக் குழாய். பொய் லீவு லெட்டர். பி.டி. சாரின் விசில். நான் கேட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு புகார் வந்தாலும் டி.சி. என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோமே.

கடைசியாக ஒரு நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, துணி சுற்றிய ஒரு சுத்தியலை எடுத்து என் முன்னால் வைத்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கரண்ட் மணி கிடையாது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் அதைச் சுத்தியலால் அடிப்பார். ஜனவரியில் அந்தச் சுத்தியல் காணாமல் போனது. அதை அவர் பழைய இரும்புக்குக் காயலான் கடையில் போட்டுவிட்டார் என்று பிரின்ஸிபால் சார் எல்லார் முன்னாலும் திட்டினாராம். அதிலிருந்து அவர் ஒரு கருங்கல்லை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டொக்'கைக் கேட்கும்போதெல்லாம், பாவம் இந்த மனுஷன் ஏன் இப்படிப் பண்ணினார் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். யாரும் பார்க்காதபோது வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்துவிடுவது என்று திட்டம். ஒயர் கூடையில் சுத்தியலை வைத்து, மேலே இரண்டு கட்டு முளைக்கீரையைப் பரப்பி, மதியச் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. மூன்று ரயில் போனது. எனக்குப் பின்னால் நின்ற சைக்கிள்காரரிலிருந்து ரயிலில் போகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் என் கூடைக்குள் இருப்பது தெரிகிற மாதிரியே இருந்தது. பள்ளிக்கூட வாசலில் முனுசாமி அண்ணன் ஓடி வந்தார்.

"இன்னா எபிம்மா, வெயில்ல வந்துகினு கீறே. குடு, நான் தூக்கியாறேன்."

"வேணாம் அண்ணே, வெறும் கீரைதான்."

அதற்குள் கூடையை வாங்கிவிட்டார். அவர் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னாம்மா, இம்மாம் கனம் கனக்குது? கீரைய இரும்புலயா வெளைய வெக்கறாங்க?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் காதுக்கே குக்கர் விசில் மாதிரி கேட்டது. கூடையைப் பிடுங்கிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிவிட்டேன். எபிக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை என்பது பம்மலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சுத்தியல் மறுபடி அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. அன்றைக்கு அந்தக் கீரையைக் கடைந்தேன். எனக்கு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கல்பனா மிஸ் என்னைக் கூப்பிட்டார். காலாண்டுப் பரீட்சை முடிந்து பெற்றோர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, கோலி பாட்டிலும் நீலச் சீட்டும் எல்லா வகுப்புக்கும் வேண்டுமா, இல்லை மொத்தமாக நிறுத்திவிடலாமா என்று பிரின்ஸிபால் சார் முடிவு செய்யப் போகிறாராம். நிறுத்துவதில்தான் அவருக்கு இஷ்டம் என்று மிஸ் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"மூணு பேரன்ட்ஸ் பேசறாங்க. நீங்க ரெண்டு நிமிஷம் பேசினா போதும்மா. எபி எப்படி மாறினான்னு."

"எனக்கு இங்கிலீஷ் வராதே மிஸ்."

"தமிழ்லயே பேசுங்க. சர்ச்ல நீங்க எழுந்து பேசுவீங்களாமே, எபி சொன்னான். அதே மாதிரி பேசுங்க, போதும்."

அதே மாதிரி பேசுங்க. அந்த மூன்று வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்வார்கள். தாம்பரத்தில் ஒரு மாடியில் கூடுவோம். சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் பழைய வாழ்க்கை, பிறகு திருப்பம், பிறகு புது வாழ்க்கை. பழைய வாழ்க்கையை எவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்ல சாட்சி. "நான் குடித்தேன்" என்றால் நாலு பேர் "ஸ்தோத்திரம்" என்பார்கள். "பெண்டாட்டி தாலியை விற்றுக் குடித்தேன்" என்றால் மாடியே அதிரும். ஒரு சகோதரருடைய பழைய வாழ்க்கை வருஷத்துக்கு வருஷம் மோசமாகிக்கொண்டே போகும். நான் சேர்ந்தபோது அவர் சிகரெட் பிடித்தவராக மட்டும்தான் இருந்தார்.

என்னிடம் பழைய வாழ்க்கை என்று ஒன்றுமே இல்லை. காஸ் சிலிண்டர் சரியான நேரத்துக்கு வந்தது, கால் வீக்கம் வடிந்தது என்று சின்னச் சின்ன சாட்சிதான் சொல்லுவேன். அதற்கு முன்வரிசையில் ஒரே ஒரு அம்மா, அதுவும் பாதித் தூக்கத்தில், "ஸ்தோத்திரம்" என்பார். (எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை இருந்தது. அதையும் ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டேன்.)

கூட்டத்துக்கு முந்தின ஒரு வாரம் நான் நானாக இல்லை. சாம்பாரில் புளி இரண்டு தடவை விழுந்தது. குக்கர் முன்னால் நின்று, "மதிப்பிற்குரிய பிரின்ஸிபால் அவர்களே," என்று பழகினேன். குக்கர் ஒவ்வொரு முறையும் 'அவர்களே' வந்ததும் விசில் அடித்தது. என் பேச்சு நன்றாக இல்லாவிட்டால் மிஸ்ஸின் பாட்டில் போய்விடும், பிரம்பு திரும்ப வந்துவிடும், என் பையன் பழையபடி ஆகிவிடுவான். நன்றாகப் பேசப்போய் ஏதாவது உளறினால் டி.சி. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் கிணறு.

"சுருக்கமா பேசு," என்றார் வீட்டுக்காரர். "வந்தேன், பாத்தேன், பையன் நல்லா இருக்கான், நன்றி. உக்காந்துடு."

எபி இன்னும் சுருக்கினான். "நன்றி மட்டும் போதும்மா. ப்ளீஸ்மா."

கூட்டத்தன்று ஹாலில் நூறு நாற்காலிக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முனுசாமி அண்ணன் டீ டிரேயோடு வாசல் பக்கம் நின்றார். அவரைப் பார்த்ததும் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதலில் பேசியவர் ஒரு பேங்க் ஆபீசர். அவர் பெண் வகுப்பில் முதல் மார்க். ஆங்கிலத்தில் எட்டு நிமிஷம் பேசினார். 'டிசிப்ளின்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அது பதினோரு தடவை வந்தது. அடுத்து பம்மலில் செருப்புக் கடை வைத்திருக்கிற பாய். "கல்பனா மிஸ் வந்தப்புறம் என் பையன் வீட்ல சலாம் சொல்றான். சந்தோஷம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன். அவரைப் பார்த்தாவது நான் கற்றுக்கொண்டிருக்கலாம்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் குக்கர் முன்னால் பழகியதெல்லாம் ஆவியாகப் போய்விட்டது. மிஸ் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. சர்ச்சில் பேசுகிற அதே மாதிரி.

"என் பையன் எபினேசர் முன்னாடி ரொம்ப சேட்டை," என்று ஆரம்பித்து நிறுத்தினேன். ஸ்தோத்திரத்துக்கு இடம் விட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. யாரோ இருமினார்கள். சபையில் இப்படி அமைதியாக இருந்தால் அர்த்தம் ஒன்றுதான்: சாட்சி போதவில்லை, இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும்.

"சாதாரண சேட்டை இல்லீங்க. போன வருஷம் தண்ணித் தொட்டிக் குழாயை உடைச்சு, ஸ்கூல் பூரா வெள்ளமாச்சே, அது இவன்தான்."

நிறுத்தினேன். அமைதி. பிரின்ஸிபால் சாரின் பேனா நின்றுவிட்டது. அவர் மனம் உருகுகிறார் என்று நினைத்தேன்.

"பி.டி. சாரோட விசிலை பாத்ரூம்ல போட்டதும் இவன்தான்."

பி.டி. சார் தன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்தார். (அது புது விசிலா, கழுவிய பழைய விசிலா என்று எனக்கு இன்று வரை தெரியாது.) அப்போதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.   இத்தனை சொல்லியும் ஒரு ஸ்தோத்திரம் இல்லையா என்று பயம். பயம் வந்தால் நான் நிறுத்துகிறவள் இல்லை, வேகம் பிடிக்கிறவள்.

"எங்க வீட்டுக்காரர் எழுதின மாதிரி ஆறு லீவு லெட்டர் குடுத்தான். எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ்ல அவர் பேரு மட்டும்தான் எழுதத் தெரியும். லெட்டருக்கு ஒரு தேன்மிட்டாய்னு ஒரு பொண்ணு எழுதித் தருமாம். மொத்த கிளாசுக்கும் அதுதானாம். பேரு சொல்ல மாட்டேன், சின்னப் பொண்ணு. ஆனா நல்லா படிக்கிற பொண்ணு. முதல் மார்க்கு."

பேங்க் ஆபீசர் மெதுவாகத் தன் மகள் பக்கம் திரும்பினார். அவரோடு நூறு தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். எபி தரையில் உட்கார்ந்தபடியே முழங்காலுக்குள் தலையைப் புதைத்துவிட்டான்.

அப்போதுதான் வாசலில் முனுசாமி அண்ணன் கண்ணில் பட்டார். டிரேயை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, நான் பேசுவதை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் சாட்சி சொல்லவில்லை. என் தொண்டை தானாகப் பேசியது.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க தொலைச்சதா திட்டு வாங்கினீங்களே, அந்தச் சுத்தி எங்க வீட்லதான் இருக்கு. அரிசி டிரம்முக்குப் பின்னாடி. பையன் எடுத்தான். எனக்கு ஒரு மாசமா தெரியும். டி.சி. குடுத்துடுவாங்களேன்னு நான்தான் மறைச்சேன். அவன் சின்னப் பையன். தப்பு என் மேலதான்."

 வெளியே மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. முனுசாமி அண்ணன் டிரேயைக் கீழே வைத்தார்.

"அதானே," என்றார். "நான் அன்னிக்கே நெனச்சேன், முளைக்கீரை இம்மாம் கனம் கனக்குமான்னு."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஹால் மொத்தமும் சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். பிரின்ஸிபால் சார் சிரிக்கவில்லை. எபியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதெல்லாம் உண்மையா?"

"ஆமா சார்."

"போன வருஷம் ஒவ்வொரு கிளாசா வந்து கேட்டேனே, ஏன் சொல்லல?"

எபி மிஸ்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்ப நீங்க பிரம்போட வந்தீங்க சார்."

சார் பதில் சொல்வதற்குள் செருப்புக் கடை பாய் எழுந்துவிட்டார். "சார், மன்னிக்கணும். இந்த அம்மா சொன்னப்புறம் என்னால உக்கார முடியல. உங்க ஸ்கூல் சாக்பீஸ் ரெண்டு டப்பா எங்க வீட்ல இருக்கு. நாளைக்குக் குடுத்துடறேன்." அவர் உட்காருமுன் பின்னால் ஒரு அம்மா எழுந்து, உலக உருண்டை ஒன்று தன் வீட்டு டி.வி. மேல் இருப்பதாகச் சொன்னார். பையனுக்குப் பரிசாகக் கிடைத்தது என்று நம்பி அதற்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். எங்கள் சபையில் கூட இப்படி ஒருவர் பின் ஒருவராக மனம் திரும்பி எழுப்புதல் வந்து நான் பார்த்ததில்லை.

"போதும், போதும்," என்று சார் எழுந்தார். "கூட்டம் முடிஞ்சுது. கல்பனா மிஸ், என் ரூமுக்கு வாங்க. நீங்களும் வாங்கம்மா. முனுசாமி, நீயும் வா."

அந்த அறையில் அதே காலண்டர், அதே பூச்சாடி, அதே பிரம்பு. ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்து எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் மனதுக்குள் ஜெபம் பண்ண முயன்றேன். 'ஆண்டவரே' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னும் ஒரு புகார் வந்தா டி.சி.ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் சார்.

கல்பனா மிஸ் மேஜை அருகே வந்தார்.  "சார், இதுல யாருமே புகார் குடுக்கலையே சார். அவங்களாத்தானே சொன்னாங்க. இப்ப டி.சி. குடுத்தா, இனிமே இந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளை, ஒரு அம்மா, யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க."

சார் முனுசாமி அண்ணனைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற? உன் பேருதானே கெட்டுது."

"பேர கெடுத்தது பையன் இல்ல சார், நீங்கதான். காயலான் கடையில போட்டுக் குடிச்சியான்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டீங்க. அத்த வாபஸ் வாங்கிக்கோங்க, போதும். பையன எங்கையில உடுங்க. இந்த வருசம் பூரா அவனே மணி அடிக்கட்டும்."

சார் பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "தப்புதான் முனுசாமி," என்றார். கடிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை. போட்டு மூடினார். எனக்கு அதுவே போதும்.

மறுநாள் சுத்தியலைக் கீரை இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருஷம் முழுவதும் எபி காலையில் ஏழரைக்கே போய் மணி அடித்தான். காய்ச்சல் அடித்த நாளில் கூடப் போனான். லீவு லெட்டர் எழுத ஆள் இல்லை, பாருங்கள். கோலி பாட்டில் எல்லா வகுப்புக்கும் போகவில்லை. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் மட்டும் இருக்கட்டும் என்றார் சார். பிரம்பு மேஜையிலிருந்து பீரோ மேலே போனது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பீரோ மேலே எட்டுவதற்கு ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் போடுவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும் என்று மிஸ் சொன்னார்.

அடுத்த வருஷத்துச் சுற்றறிக்கையில் புதிதாக ஒரு வரி இருந்தது. பேச விரும்பும் பெற்றோர்கள் தங்கள் பேச்சை முன்கூட்டியே எழுதி, அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். யாரை நினைத்து எழுதியது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் எபி ஒரு நீலச் சீட்டைக் கொண்டுவந்தான். அவனுடையது இல்லை. 'இன்று எபினேசரின் அம்மா, பயந்துகொண்டே உண்மை பேசினார்' என்று மிஸ் எழுதியிருந்தார். வேதப் புத்தகத்தில் அவன் சீட்டுகளோடு அதுவும் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே சர்ட்டிபிகேட். வீட்டுக்காரர் அதையும் திருப்பிப் பார்த்தார்.

பல வருஷம் கழித்து தாம்பரத்தில் எபியின் கல்யாண வரவேற்பு. மைக்கோடு சுற்றிக்கொண்டிருந்தவருக்கு எங்கள் வீட்டுச் சட்டம் தெரியாது. "மாப்பிள்ளையோட அம்மா ரெண்டு வார்த்தை," என்று என் கையில் கொடுத்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இலையை விட்டு எழுந்து எச்சில் கையோடு ஓடி வந்தார். மேடையில் இருந்து எபி குனிந்து என் காதில் சொன்னான்.

"அம்மா, புது வாழ்க்கை மட்டும்."

நான் கட்டுப்பட்டேன். "எல்லாரும் வந்ததுக்கு நன்றி. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னேன். மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி என்னை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

அப்போது கடைசி வரிசையில் இருந்து, தலையெல்லாம் வெளுத்துப்போன முனுசாமி அண்ணன் எழுந்து நின்றார். நாங்கள்தான் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டிருந்தோம்.

"இன்னா எபிம்மா," என்றார், மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். "சுத்தி மேட்டர சொல்லவே இல்ல?"

சம்பந்தி என் பக்கம் திரும்பி, "என்ன சுத்தி?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சொன்னது நான் இல்லை. முனுசாமி அண்ணன்தான் முதலிலிருந்து கடைசி வரை, கீரை உட்பட, சொன்னார். மைக் என் கையில் இருந்தது, அதை நான் அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதுவும் என் சாட்சியாகத்தான் இன்று வரை சொல்லப்படுகிறது.